நிலத்தின் நிறம் மாறும்போது



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர் தம் மனைவியுடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. "சாமி, பணிக்கொடை முழுவதையும் போட்டு மகளுக்காக மனை வாங்கினோம். பத்திரம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, வில்லங்கமும் இல்லை. வீடு கட்ட அனுமதி கேட்டால், இது திறந்தவெளிப் பகுதி, குடியிருப்புக்கு ஆகாது என்கிறார்கள்" என்றார். விற்றவரோ, "அதையெல்லாம் மாற்றிவிடலாம்" என்று சொல்லியிருந்தாராம். அம்மையார் ஒன்றும் பேசவில்லை; பையின் ஓரத்தைப் பிடித்தபடியே அமர்ந்திருந்தார்.

பத்திரம் நிலம் யாருடையது என்பதைச் சொல்லும்; அந்நிலம் எதற்கு உரியது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது நகரின் முழுமைத் திட்டம். சென்னைப் பெருநகருக்கு முதல் திட்டம் 1975-இல் வந்தது. 2026-ஐ எல்லை ஆண்டாகக் கொண்ட இரண்டாவது திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், வேளாண்மை, திறந்தவெளி என ஒவ்வொரு நிலமும் அதன் வரைபடத்தில் ஒரு நிறம் பெற்றிருக்கிறது.

அந்நிறம் கல்லில் பொறித்த எழுத்தன்று. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, திட்டத்தைத் திருத்த வழி செய்கிறது. நில உரிமையாளர் தம் ஆவணங்களுடன் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திற்கு விண்ணப்பிக்கிறார். ஊர், சர்வே எண், பரப்பு, எந்த உபயோகத்திலிருந்து எந்த உபயோகத்திற்கு மாற்றம் என்ற விவரங்களுடன் நாளிதழில் அறிவிப்பு வெளியாகிறது. குறித்த நாட்களுக்குள் எவரும் ஆட்சேபணையோ ஆலோசனையோ எழுதலாம். சாலை அகலம், வெள்ளம் தேங்கும் வாய்ப்பு, சுற்றுப்புற நிலங்களின் தன்மை ஆகியவற்றை வல்லுநர்கள் ஆராய்கின்றனர். ஏற்கப்பட்டு அரசிதழில் வெளியான பின்னரே நிறம் மாறுகிறது. ஆகவே "மாற்றிவிடலாம்" என்ற சொல் ஒரு வாய்ப்பேயன்றி வாக்குறுதியன்று.

"அப்படியானால் நாமும் விண்ணப்பிக்கலாமே" என்று அவர் முகம் மலர்ந்தது. விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் மனை எங்கிருக்கிறது என்று வினவியபோது, ஏரிக்குச் சற்றுக் கீழே, தாழ்வான இடம் என்றார். நான் சிறிது நேரம் மௌனமானேன்.

இவருடைய கண்ணீர் ஒரு பக்கம். அத்தாழ்ந்த நிலத்தைச் சுற்றி வாழ்வோரின் பாதுகாப்பு மறுபக்கம். 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தை நாம் மறந்துவிடவில்லை. தென்சென்னையின் மழைநீரைத் தாங்கி நிற்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், பல்லாண்டுகள் குப்பைமேட்டிற்கும் கட்டடங்களுக்கும் இடங்கொடுத்துச் சுருங்கியது. எஞ்சியதில் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் 2022-இல்தான் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஒரு மனை நிறம் மாறினால் ஊர் மூழ்கிவிடாது. ஆனால் ஒவ்வொருவரும் "என் ஒரு மனைதானே" என்று சொல்லும்போது, நீர் நிற்க இடமில்லாமற் போகிறது.

இதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். "எனக்காக ஊர் நனைய வேண்டுமென்று கேட்கமாட்டேன், சாமி. ஆனால் என் பணம்?" என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை. உண்மையை மறைத்து விற்றவர்மீது சட்டப்படி என்ன செய்யலாம் என்றறிய, பங்கைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞரிடம் அனுப்பிவைத்தேன். அவ்வழக்கு இன்னும் முடியவில்லை.

எனவே நம் குடும்பங்கள் மூன்று காரியங்களை மனத்திற் கொள்ளுதல் நலம். ஒன்று, முன்பணம் கொடுக்குமுன், பத்திரம் பார்ப்பது போலவே, சர்வே எண்ணைக் கொடுத்து நில உபயோகத்தையும் விசாரியுங்கள். இரண்டு, நாளிதழின் மூலையில் வரும் சிறு அறிவிப்பைப் புறக்கணியாதீர்கள். உங்கள் ஊர்ப் பெயர் அதிலிருந்தால் படித்து, "வேண்டாம்" என்று மட்டும் எழுதாமல், நீர் எவ்வழி ஓடுகிறது, சென்ற மழையில் எவ்வளவு தேங்கியது எனக் காரணத்தோடு எழுதுங்கள். மூன்று, 2027 முதல் 2046 வரைக்குமென மூன்றாம் முழுமைத் திட்டத்திற்கான பணிகள் தொடங்கப்பட்டன. இத்தகைய திட்டம் வரைவாக மக்கள்முன் வைக்கப்படும் வேளையே நாம் பேசத்தக்க வேளை. முடிந்தபின் ஒவ்வொரு மனைக்காகவும் திருத்தம் தேடி அலைவதினும், முன்னரே ஊராகக் கூடிக் கருத்துரைப்பது எளிது.

அன்று விடைபெறும்போது அம்மையார் முதன்முறையாக வாய் திறந்தார்: "வாங்குமுன் கேட்க வேண்டுமென்று யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம், சாமி." அவ்வார்த்தை என் நெஞ்சில் தைத்தது. ஆதலால்தான் இம்மாதம் இதை எழுதினேன்.