செயின்ட் பாங்க்ரஸ் நிலையமும் இடிப்போர் அவசரமும்

விரைவை விரும்புவோர்க்குப் பழங்கட்டடம் தடையாகும் என்பது பலருடைய அபிப்பிராயம். ஓர் ஊருக்குப் புதிய பாதை வரவேண்டுமாயின் அதற்கு முன்னே கடப்பாரை வந்து நிற்கின்றது. இக்கொள்கையை நாம் ஒப்புவதில்லை. லண்டன் மாநகரத்துச் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தின் வரலாறு ஒன்றே இதனை மறுக்கப் போதுமென்று கருதி, அதனை நமது கலாசாலை அன்பர்முன் வைக்கின்றோம்.

இந்நிலையம் 1868-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மிட்லண்டு ரயில்வே கம்பெனியாரால் திறக்கப்பட்டது. இதற்கு வடக்கே ரீஜென்ட்ஸ் கால்வாய் குறுக்கிடுகின்றது. அடுத்துள்ள கிங்ஸ் கிராஸ் நிலையத்தை அமைத்தோர் தமது தண்டவாளத்தைக் கால்வாயின் கீழே சுரங்க வழியாகக் கொணர்ந்தனர். மிட்லண்டு கம்பெனியாரோ கால்வாயின்மேற் பாலமிட்டு வந்தனர். அதனால் பிளாட்பாரம் தெருவினும் மிக உயர்ந்து நின்றது. அதன் கீழே பெரியதொரு நிலவறையும் உண்டாயிற்று. எஞ்சினீயராகிய வில்லியம் பார்லோ அவ்வறையில் இரும்புத் தூண்களை வரிசையாக நிறுத்தினார். பர்ட்டன் நகரத்திலிருந்து வரும் பீர்ப் பீப்பாய்களை அங்கே அடுக்குவது கம்பெனியாரின் எண்ணம். ஆகவே தூண்களின் இடைவெளி பீப்பாயின் அளவைக்கொண்டே தீர்மானிக்கப்பட்டது. நம் நாட்டுத் தச்சர் முழக்கோலால் அளப்பர். பார்லோ துரை பீப்பாயால் அளந்தார். மேலே நடுவில் ஒரு தூணுமின்றிச் சுமார் 240 அடி அகலத்தை ஒரே வளைவாக மூடிய கூரை, அக்காலத்தில் உலகத்திலுள்ள ஒற்றை வளைவுக் கூரைகளுள் மிகப் பெரியது. அவ்வளைவின் கால்கள் விலகாதபடி வில்லின் நாண்போல் இழுத்துப் பிடிப்பது பிளாட்பாரத் தளமே.

முகப்பிலுள்ள செங்கல் மாளிகை ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் என்பவரால் ஹோட்டலாகக் கட்டப்பட்டு 1873-இல் திறக்கப்பட்டது. கோபுரங்களும் கூர்மாடங்களும் படிக்கட்டும் அரசர்க்கு ஏற்றன. குளிக்கும் அறைகளோ மிகச் சில. வெந்நீரை வேலையாட்கள் அறைதோறும் சுமந்து செல்லுங்காலத்தில் அது குறையாகத் தோன்றவில்லை. காலம் மாறவே, 1935-இல் ஹோட்டல் மூடப்பட்டு ரயில்வே ஆபீசாயிற்று. அலங்காரம் மிகுந்த பழைய சுமை என்று அதனைப் பலர் இகழ்ந்தனர். அண்மையிலுள்ள யூஸ்டன் நிலையத்தின் கல்வாயில் 1961-இல் இடிக்கத் தொடங்கப்பட்டது. அதன்பின் இதற்கும் ஆபத்து நெருங்கிற்று. ஜான் பெட்ஜமன் என்னுங் கவிஞரும் நிக்கோலஸ் பெவ்ஸ்னர் என்னுங் கலை வரலாற்றாசிரியரும் மற்றும் பலரும் எதிர்த்துப் போராடினர். 1967-இல் அரசாங்கத்தார் இதனை முதல்தரப் பாதுகாப்புக் கட்டடமாக அறிவித்தனர்.

ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. பாரிஸிலிருந்து நேராக வரும் ரயில் இந்நிலையத்தில் வந்து நிற்கும் என்பதை 1967-இல் எவரும் அறியார். கட்டடத்தால் இனி என்ன பயன் என்று கேட்டோர்க்கு, அழகு என்பதல்லது வேறு விடை இல்லை. அவ்விடையைக் கூற நாணாது நின்றமைக்காகவே அவர்களை நாம் பாராட்டுகின்றோம்.

1994-இல் இங்கிலீஷ் கால்வாயின் அடியிற் சென்ற சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. பிரான்ஸ் தேசத்தில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்திற் பாய்ந்த ரயில், இங்கிலாந்துக்குள் நுழைந்தவுடன் பழைய பாதையில் உள்ளூர் வண்டிகளின் இடையே ஊர்ந்து வாட்டர்லூ நிலையத்தை அடைந்தது. பின்னர் 108 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய பாதை அமைத்து, 2007-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி முதல் அவ்வண்டிகளைச் செயின்ட் பாங்க்ரஸுக்குத் திருப்பினர். பாரிஸ் பிரயாணம் சுமார் இரண்டேகால் மணி நேரமாகக் குறைந்தது. பிறநாடு செல்வோர்க்குப் பாஸ்போர்ட்டு பார்க்கவும் மூட்டை சோதிக்கவும் விசாலமான இடம் வேண்டுமன்றோ? அவ்விடம் ஆயத்தமாகவே இருந்தது. பீப்பாய் வைத்த நிலவறையே அது. மேல்தளத்தை ஓரிடத்தில் திறந்து, வெளிச்சம் இறங்கவும் மனிதர் ஏறவும் வழி செய்தனர். ரயிலின் நீளம் ஏறக்குறைய 400 மீட்டர். பழைய கூரையோ அதிற் பாதியளவே. அதற்காகக் கூரையை மாற்றாமல், வடபுறத்தே தட்டையான புதுக்கூரை ஒன்றை எளிமையாகச் சேர்த்தனர். செலவு பல கோடிப் பவுன்; அது வீண் என்போர் இலர் என்று நாம் சொல்ல வரவில்லை. ஹோட்டலும் 2011-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இம்முறை குளியலறை மறக்கப்பட்டிராது. கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கூரையை அண்ணாந்து நோக்கும் பெட்ஜமன் சிலையொன்று மேல்தளத்தில் நிற்கின்றது.

இவ்வளவும் புகழ்ந்தபின் மற்றொரு பக்கத்தையும் கூறாதொழிதல் நேர்மையன்று. இந்நிலையத்தைக் கட்டியோரும் ஒரு காலத்தில் இடித்தோரே. பழைய செயின்ட் பாங்க்ரஸ் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தின் ஊடே பாதை சென்றது. எலும்புகள் மரியாதையாக எடுக்கப்படுகின்றனவா என்று மேற்பார்க்க அனுப்பப்பட்ட இளைஞர், ஆங்கில இலக்கிய மாணவர் நன்கறிந்த தாமஸ் ஹார்டி. அப்போது அவர் கட்டடக்கலைஞர் ஒருவரிடம் வேலை பார்த்து வந்தார். புதிய அதிவேகப் பாதைக்காக இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தோட்டம் மறுபடியும் தோண்டப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சிக்கு அஞ்சி ஓடிவந்து 1806-இல் லண்டனில் இறந்த நார்போன் நகரப் பேராயர் ஆர்தர் தில்லோனின் உடலும், பீங்கானாற் செய்த அவருடைய பொய்ப்பற்களும் அப்போது கிடைத்தன. 2007-இல், பாரிஸ் ரயில் அந்நிலையத்துக்கு வந்த அதே ஆண்டில், அவர் எலும்புகள் நார்போனுக்குத் திரும்பின.

இறந்தோர்க்கு இவ்வளவு கவனிப்பு இருந்தது. உயிரோடிருந்தோர்க்கோ? நிலையத்தின் வடபுறத்தே ஆகார் டவுன் என்றொரு ஏழைகளின் சேரி இருந்தது. 1866-ஐ ஒட்டி அது அடியோடு அகற்றப்பட்டது. வார வாடகைக்குக் குடியிருந்தோராதலின் அவர்களுக்கு நஷ்டஈடு இல்லை. பக்கத்துச் சேரிகளில் நெருங்கிப் புகுந்தனர். நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றிருந்த ஆகார் என்பாரின் பெயர் அப்பகுதி வீதியொன்றுக்கு இன்றும் வழங்குகின்றது. குடியிருந்தவர் பெயர்களை நாம் எங்கே தேடுவது? இந்நிலையத்தைப் பற்றி எழுதுவோர் பீப்பாயின் அளவைக் கூற மறப்பதில்லை. ஆகார் டவுன் மக்களை நினைப்பது அருமை. நமது கட்டுரையிலும் அவர்களுக்குக் கடைசியிலேதான் இடம் கிடைத்தது.