மகுடம் – 2 ஆள்

போன மாதம் கல்லூரி கேன்டீனில் பெரிய சண்டை. விஷயம் இதுதான்: ராக், புரோகிரஸிவ் ராக் எல்லாம் சேர்த்து, திறமைக்கு ஏற்ற பெயர் கிடைக்காத டிரம்மர் யார்? (பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கும்போது பி.காம் மாணவர்கள் பேச வேண்டிய விஷயம்தான், சந்தேகமே வேண்டாம்.)

ஒருவன் பிங்க் ஃப்ளாய்டின் நிக் மேசன் என்றான். 1973ல் வந்த ‘மணி’ பாட்டு பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது, ஆனால் தலையாட்டுகிறவனுக்கு அது ஏழு என்றே தெரிவதில்லை, அதுதான் மேசன் என்பது அவன் கட்சி. நான் மைக்கேல் ஜைல்ஸ் பக்கம். கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் 1969ல் வந்தது. அதன் முதல் பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் ஒரே ஓட்டமாக ஓடி, ஒரே நொடியில் நின்று, மறுபடி ஓடும். அந்த இடத்தைக் கேட்டுவிட்டு ஜைல்ஸை மறக்க முடியாது. ஆனால் அதே வருடக் கடைசியில் அவர் குழுவை விட்டு விலகிவிட்டார். அப்புறம் கிரிம்சன் டிரம்மர் என்றால் பில் ப்ரூஃபோர்ட் பெயரைத்தான் சொல்கிறார்கள். நான் மேஜையைத் தட்டித் தட்டி விளக்கிக்கொண்டிருந்தேன்.

அதுவரை பேசாமல் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த மூன்றாமவன் கேட்டான்: “லே, உங்க ஊர்க் கொடையில ராத்திரி பூரா அடிச்சாங்கன்னு ஒரு வீடியோ போட்டியே, அவங்க பேரு என்னல?”

நக்கலுக்குத்தான் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில், சீவலப்பேரி பக்கம். சுடலைமாடன் கொடை என்றால் எங்கள் பகுதியில் கணியான் கூத்து இல்லாமல் இருக்காது. வெளியூர் நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கதையைப் பாடுகிறவர் அண்ணாவி. பெண் வேடமிட்டு ஆடும் ஆண்கள் இருவர். பின்பாட்டுக்கு ஒருவர். மகுடம் அடிப்பவர் இருவர். மகுடம் என்பது வட்டமான மரச்சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய வாத்தியம். குச்சி கிடையாது, கைதான். தோல் தளர்ந்துவிட்டால் தீயில் காட்டிச் சூடேற்றினால்தான் சுருதி ஏறும். ஒன்று உச்சம், இன்னொன்று மந்தம். இரண்டு குரல் மாதிரி ஒன்றையொன்று கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டே போகும்.

புரோகிரஸிவ் ராக்கில் இருபது நிமிடப் பாட்டு என்றால் நாங்கள் வாயைப் பிளப்போம். இங்கே கூத்து ராத்திரி தொடங்கினால் விடிய விடிய நடக்கும். எழுதிவைத்த நோட்டு கிடையாது. அண்ணாவி கதையை எங்கே நீட்டுவார், எங்கே சட்டென்று முறிப்பார் என்பது அவருக்கே அந்த நேரத்தில்தான் தெரியும். சாமியாடி எழும்போது மகுடக்காரர் அவர் காலைத்தான் பார்க்கிறார். அந்தக் கால் வேகம் எடுத்தால் மகுடமும் எடுக்கிறது, சில நேரம் மகுடம் எடுத்த பிறகுதான் கால் எடுக்கிறது. யார் யாரை ஆட்டுகிறார்கள் என்று இத்தனை வருடம் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. ஜைல்ஸ் நிறுத்தும் இடம் ஒத்திகையில் முடிவானது. இவர்கள் நிறுத்தும் இடம் அந்தக் கணத்தில் முடிவாகிறது.

இப்படிப்பட்டவர்களின் பெயர் எனக்குத் தெரியவில்லை. சரி, எங்காவது எழுதி இருக்குமே என்று தேடினேன். கொடைக் கமிட்டியின் வரவு செலவு நோட்டை மூன்று வருடமாக எழுதுவது நான்தான். பி.காம் படிக்கிற பிள்ளை என்று தலையில் கட்டிவிட்டார்கள். எடுத்துப் பார்த்தேன். பந்தல்காரர் பெயர் இருக்கிறது. மைக் செட்டுக்காரர் பெயர் இருக்கிறது. ஜெனரேட்டர் வாடகைக்குக்கூட உரிமையாளர் பெயர் போட்டிருக்கிறேன். வில்லுப்பாட்டுக்குப் புலவர் பெயர், பக்கத்தில் “குழு”. அதற்குக் கீழே, என் கையெழுத்தில்: “கணியான் செட்டு 1. மகுடம் – 2 ஆள்.”

இரண்டு ஆள். சேர் 200 என்று எழுதுவது போல.

அச்சடித்த நோட்டீஸ் இன்னும் மோசம். நன்கொடையாளர் பெயர் பக்கம் முழுக்க, பொடி எழுத்தில். கூத்து நடத்துகிறவர்களுக்கு ஒரே வரி: “இரவு கணியான் கூத்து நடைபெறும்”. கணியான் என்பது ஆளின் பெயர் இல்லை. தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் ஒரு சமூகத்தின் பெயர். நாங்கள் மனிதர்களை அழைக்கவில்லை, ஒரு சாதியை வாடகைக்குப் பேசி இருக்கிறோம். நாதஸ்வரமும் தவிலும் வந்தால் வித்வான் என்று போடத் தெரிகிறது. மகுடத்துக்கு மட்டும் ஏன் சாதிப் பெயரோடு கை நின்றுவிடுகிறது?

வில்லுப்பாட்டிலும் இதே கதைதான், கொஞ்சம் நாகரிகமாக. நம் மாவட்டத்துச் சத்திரம்புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகத்துக்கு 2021ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022ல் அவர் மறைந்தபோது தமிழ்நாடே பேசியது. பேச வேண்டியதுதான். ஆனால் ஊர் ஊராக நடக்கும் வில்லில், புலவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடத்தின் வாயில் ‘தொம் தொம்’ என்று அடிப்பவர் பெயரும், உடுக்கை அடிப்பவர் பெயரும் யாருக்குத் தெரியும்? விக்கு விநாயக்ராம் கடத்தை எடுத்துக்கொண்டு உலக மேடைக்குப் போனார். 1991ல் வந்த ‘பிளானட் டிரம்’ ஆல்பத்தில் வாசித்தார், அந்த ஆல்பத்துக்கு கிராமி விருது கிடைத்தது. கடமும் மண்பானைதான், வில்லுக்குடமும் மண்பானைதான். ஒன்றை வாசிப்பவருக்குப் பெயர் இருக்கிறது. இன்னொன்றை வாசிப்பவர் “குழு”.

‘இது நம்ம ஊர் வியாதி மட்டும்தானா’ என்று கேட்டால், இல்லை. தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1969ல் ‘ஆமென், பிரதர்’ என்று ஒரு பாட்டை வெளியிட்டது. நடுவில் கிரிகரி கோல்மன் என்பவர் தனியாக ஏழு நொடி போல டிரம்ஸ் அடிப்பார். பிற்பாடு ஹிப் ஹாப்காரர்களும் ஜங்கிள் இசைக்காரர்களும் அந்தச் சில நொடியை வெட்டி எடுத்து ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஒட்டினார்கள். கோல்மனுக்கு அதிலிருந்து ராயல்டி என்று ஒரு பைசா வரவில்லை. 2006ல் வீடு வாசல் இல்லாமல் இறந்துபோனார். பாட்டு என்றால் மெட்டும் வரியும், தாளம் என்பது கூலி வேலை என்ற கணக்கு அங்கேயும் உண்டு.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, நான் படித்த வணிகச் சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு விஷயம். நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தில் நிகழ்த்துகிறவருக்கு என்று தனி உரிமை வந்தது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், ஆடுபவர், ஏன், பாம்பாட்டி வரை அந்தப் பட்டியலில் உண்டு. 2012 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், ‘இதை வாசித்தது நான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. கேட்க நன்றாக இருக்கிறதா? அதே திருத்தத்தில் சினிமாவுக்கு ஒரு விதிவிலக்கு. ஒருவருடைய பங்கு போகிற போக்கில் வருவதாக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில்கூட அவர் பெயர் போடப்படாவிட்டால், அவர் நிகழ்த்துகிறவராகவே கருதப்பட மாட்டார். தன் வாசிப்பைச் சிதைத்தால் கேள்வி கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். அதாவது முதலில் பெயரை விட்டுவிடுவார்கள். பெயர் இல்லை என்பதே பிறகு உரிமை இல்லாமல் போகக் காரணமாகிவிடும். பெயர் என்பது மரியாதை மட்டும் இல்லை மக்களே, அது ஒரு ரசீது.

‘அது சாமிக்குச் செய்கிற காரியம், அதில் பெயர் எதற்கு’ என்று எங்கள் ஊரில் ஒரு பெரியவர் சொன்னார். நியாயமான பேச்சுதான். ஆனால் நன்கொடையும் சாமிக்குத்தானே? அந்த நூறு பெயரை எடுத்துவிட்டு வெறும் “ஊர் மக்கள்” என்று போட்டால் அடுத்த வருடம் கொடை நடக்குமா? இன்னொன்று, யாராவது ஒரு சின்னப் பையன் மகுடம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் யாரைத் தேடிப் போவான்? “2 ஆள்” வீடு எந்தத் தெருவில் இருக்கிறது?

கொஞ்சம் மாறியும் வருகிறது. 2025ல் பறை இசைக்கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தச் செய்தியை நானும் பெருமையாகப் பகிர்ந்தேன். என் நோட்டில் “2 ஆள்” என்று எழுதிய அதே கையால்!

கேன்டீன் சண்டைக்குப் பிறகு கமிட்டித் தலைவரிடம் போனேன். “அண்ணாச்சி, அடுத்த கொடை நோட்டீஸ்ல மகுடக்காரங்க பேரையும் போடணும்” என்றேன். “எடம் எங்கடே இருக்கு?” என்றார். “ஒரு ஃபோட்டோவைச் சின்னதாக்குனா எடம் வரும் அண்ணாச்சி” என்றேன். யாருடைய ஃபோட்டோ என்று அவருக்குப் புரிந்துவிட்டது. “பாப்போம் பாப்போம்” என்று சொல்லிவிட்டார். விடப்போவதில்லை.

நோட்டு என் கையில்தானே இருக்கிறது? அண்ணாவியிடம் நம்பர் வாங்கி, உச்ச மகுடம் அடித்தவரைக் கூப்பிட்டேன். இன்ன ஊர்க் கொடையில் கணக்கு எழுதுகிற பையன் பேசுகிறேன், உங்கள் முழுப் பெயர் வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்:

“எதுக்குத் தம்பி? துட்டு ஏதும் கூடக் கொடுத்துட்டீங்களோ?”

இல்லை அண்ணாச்சி, வாசித்தது நீங்கள்தான் என்று எழுதி வைக்கத்தான் என்றேன். அவர் சிரித்தார். பெயரைச் சொன்னார், இரண்டு தடவை, நிறுத்தி நிறுத்தி. கூட அடித்தவர் பெயரையும் சொன்னார். “2 ஆள்” என்பதை அடித்துவிட்டு இரண்டு பெயரையும் எழுதினேன். கணக்கு நோட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்பார்கள். இந்த ஒன்று இருக்கட்டும்.

வீடியோவின் கீழே பெயரைப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறேன். வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி இருக்கிறார். உங்கள் ஊரிலும் கொடை வரும், அடிக்கிறவர்களைப் படமும் பிடிப்பீர்கள். ஃபோனைச் சட்டைப்பையில் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று பெயரைக் கேளுங்கள்.

மைக்கேல் ஜைல்ஸ் கட்சியை நான் இன்னும் விடவில்லை. ஆனால் அவர் பெயர் ஆல்பம் அட்டையில் இருக்கிறது. அவருக்காக நான் மேஜையைத் தட்ட வேண்டிய அவசியம் இல்லை.