குடும்பப்பெயர் என்னும் கட்டம்

ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலை எவரும் கருத்துள்ள பகுதியாகப் படிப்பதில்லை. காற்புள்ளியும் சாய்வெழுத்தும் ஒழுங்காக இருந்தால் நெறியாளர் கையொப்பமிட்டுவிடுவார். ஆயினும் 'குடும்பப்பெயர், முதலெழுத்து' என்னும் ஏபிஏ வாய்பாடு தென்னிந்தியப் பெயர்கள்மீது ஏறும்போது நிகழ்வது வெறும் வடிவமைப்பு அன்று.

தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரான எஸ். வையாபுரிப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். வாய்பாட்டை அப்படியே பின்பற்றினால் அவர் 'பிள்ளை, எஸ். வி.' ஆகிவிடுகிறார். இட்ட பெயர் ஓரெழுத்தாகச் சுருங்க, சாதிப்பட்டம் வரியின் முகப்பில் வந்து அமர்கிறது. சாதிப்பட்டத்தைத் துறக்க வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அதே மண்ணின் ஆய்வேடுகளில் பட்டம் அகரவரிசைத் தலைப்பாகத் திரும்பி வருவதை நெறிமுறை என்று சொல்லிக்கொள்கிறோம்.

தெலுங்கில் நிலைமை நேர்மாறு. திராவிட மொழிகள் குறித்து 2003இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக நூல் தந்த பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்திக்கு வீட்டுப்பெயர் பத்ரிராஜு. பட்டியலில் அவர் 'கிருஷ்ணமூர்த்தி' என்றே நிற்கிறார்; குடும்பப்பெயருக்குரிய கட்டத்தில் இட்ட பெயர்!

மறைந்த அறிஞர்களுக்கு இதனால் பெரிய இழப்பில்லை. இழப்பு இன்றைய மாணவிக்கு. 'மா. செல்வி' என்று தமிழிதழில் எழுதுபவர், முதலெழுத்தை விரிக்கச் சொல்லும் ஆங்கில இதழில் 'செல்வி மாரிமுத்து' ஆகிறார். மேற்கோளில் 'மாரிமுத்து, செ.' ஆகிறார். உழைப்பு மகளுடையது, மேற்கோள் தந்தை பெயருக்கு. மணத்துக்குப்பின் முதலெழுத்து மாறினால் மூன்றாவது ஆளாகவும் ஆகலாம்.

தேடிக் கண்டடைய ஒருமை வேண்டும் என்பர். வேண்டும்தான், ஒரே ஆசிரியரை இரண்டு இடங்களில் சிதறடிப்பது எவ்வகை ஒருமை? ஒற்றைப் பெயரையும் பிரிக்கவியலாத பெயரையும் அவ்வாறே விட ஏபிஏ 7ஆம் பதிப்பே (2019) இடம் தருகிறது. ஜொடேரோவிலும் பெயரை ஒரே புலத்தில் இடும் வசதி உண்டு. அப்போது அது பெயரைத் தலைகீழாக்காது. ஓர்சிட் எண் ஆளை அடையாளம் காட்டும், ஆனால் அச்சிட்ட வரியைத் திருத்தாது.

'ஆசிரியர் தம் பெயரை எழுதும் முறையிலேயே குறிப்பிடுக. முதலெழுத்தை விரிக்கற்க' என்று ஒரு வரியைப் பல்கலைக்கழகங்கள் தம் ஆய்வேட்டு விதிகளில் சேர்க்கலாம். இடப்பக்க ஓரத்தின் அளவை அங்குலக் கணக்கில் வகுக்கும் குழுக்களுக்கு இது பெரிய வேலையன்று.