பயிற்சி மையம் மட்டும் போதுமா?



சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிக்க எங்கே சேரலாம் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரை பயனுள்ளது. ஆனால் பயிற்சி மையங்களோடு நின்றுவிட்டது குறையே. பாடநூல்களையும் நேரலை வகுப்புகளையும் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகமே இலவசமாகத் தருகிறது. உண்மையில் அலசிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது, ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் செயல்முறைப் பயிற்சி பெறும் ஆடிட்டர் அலுவலகத்தைத்தான்.

என் மகள் சேர்ந்த பெரிய அலுவலகத்தில் மாதக்கணக்கில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் மட்டுமே போட்டாள். சிறிய அலுவலகத்தில் சேர்ந்த அண்ணன் மகனோ, அரிசி ஆலையில் மூட்டைகளை எண்ணி இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிடுவது முதல் தணிக்கை அறிக்கை வரை கற்றுக்கொண்டான்.

2023-இல் வந்த புதிய திட்டத்தில் இப்பயிற்சி மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்துவிட்டது. கற்கும் காலம் குறைவு என்பதால், அலுவலகத்தில் சேருமுன் அங்கே ஏற்கெனவே பயிலும் மாணவர்களிடம் விசாரிப்பது நல்லது. மதுரை, திருநெல்வேலி போன்ற ஊர்களில் உள்ள கழகக் கிளைகள், இது குறித்துப் பெற்றோருக்கும் ஆண்டுதோறும் வழிகாட்டும் கூட்டம் நடத்தலாம்.

– ஒரு வாசகர், விருதுநகர்