'ஃபிட்னெஸ்' கையெழுத்து மட்டும் போதுமா?

"ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு. ஹார்ட் ஃபிட்னெஸ் மட்டும் வாங்கிட்டு வரச் சொல்லிட்டாங்க. யார்கிட்ட போனா சீக்கிரம் கையெழுத்து கிடைக்கும்?"

குடலிறக்கமோ, பித்தப்பைக் கல்லோ, மூட்டு மாற்றோ... நம் வீடுகளில் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஏதோ தாலுகா ஆபீஸில் சான்றிதழ் வாங்குவது மாதிரி! 'இதைப் பற்றிப் பேச ஒரு சித்த வைத்தியர் எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். ஆபரேஷன் தேதி நெருங்கும்போது, இதய டாக்டரிடம் சொல்லாததை எல்லாம் பலர் என்னிடம் வந்து சொல்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

'ஃபிட்' என்று எழுதித் தருகிற டாக்டர், 'உங்களுக்கு ஒன்றும் ஆகாது' என்று உத்தரவாதம் தரவில்லை. மயக்கம் கொடுக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கும், வலியில் ஏறும். அறுவைக்குப் பிறகு சில நாட்களுக்கு ரத்தம் சுலபமாக உறையும். இத்தனை பளுவையும் இந்த இதயம் தாங்குமா, அதற்கு என்ன முன்னேற்பாடு வேண்டும் என்று எடைபோடுவதுதான் ஃபிட்னெஸ். அந்த எடைக்கு வேண்டிய பாதி விஷயம் மெஷினில் இல்லை, உங்கள் வாயில் இருக்கிறது.

மாடிப்படி ஏறினால் மார்பு இறுக்குகிறவருக்குக் கூட, படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. நார்மலாக வரலாம். அதனால்தான் டாக்டர், "ரெண்டு மாடி நிக்காம ஏறுவீங்களா?" என்று கேட்கிறார். அவர் ஊர் வம்பு பேசவில்லை. இதயத்தின் சேமிப்பு எவ்வளவு என்று பார்க்கிறார். உடனே மகன் முந்திக்கொண்டு, "அப்பா நல்லா ஏறுவார் சார்!" என்கிறார். அப்பா மொட்டை மாடிக்குப் போயே மூன்று வருஷம் ஆச்சு என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். அம்மாவோ வெளியில் செருப்புக்குக் காவலாக உட்கார்ந்திருப்பார்!

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடிக்கு இருக்கிற மாதிரியே மொழிக்கும் ஓர் இடம் உண்டு. பேசும்போதே மூச்சு வாங்குகிறதா என்று கவனிக்கிற கலை அது. நல்ல இதய டாக்டர்களும் அதையேதான் செய்கிறார்கள்.

'அப்படியானால் எக்கோ, ட்ரெட்மில் எல்லாத்தையும் எடுத்துடலாமே?' வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 19,000 கண்புரை ஆபரேஷன்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2000-ல் வெளியானது. வழக்கமான ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் சிக்கல்களில் வித்தியாசமே இல்லை. சின்ன ஆபரேஷன், நன்றாக நடமாடுகிற ஆள் என்றால் டெஸ்ட்டைக் குவிப்பதால் பர்ஸ்தான் இளைக்கும். பெரிய ஆபரேஷன் என்றால் கதை வேறு. ஏற்கெனவே மாரடைப்பு, இதயம் பலவீனமாகி நீர் கோத்தது, பக்கவாதம், இன்சுலின் போடுகிற சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு... இதில் எது இருந்தாலும் டாக்டர் கூடுதலாகப் பார்க்கத்தான் செய்வார். பார்க்கட்டும்.

'ஸ்டென்ட்' வைத்தவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன் என்றால் பொதுவாக ஆறு மாதம் பொறுக்கச் சொல்வார்கள். மாரடைப்புக்காக வைத்தது என்றால் ஒரு வருஷம் வரைகூட. 'ஆபரேஷன்ல ரத்தம் நிறைய போயிடும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை இதய டாக்டரும் அறுவை டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

இனி என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். முழங்கால் மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்த ஓர் அம்மா, தூக்கத்துக்கு அமுக்கராச் சூரணம், இருமலுக்கு அதிமதுரம் என்று தினமும் சாப்பிட்டு வந்தார். "டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன். "நாட்டு மருந்துதானேங்க, அதைப் போய் எதுக்குச் சொல்லணும்!" என்றார் மகள்.

சொல்லத்தான் வேண்டும். மருந்து என்றால் அதற்கு வேலை உண்டு. அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அமுக்கரா, மயக்க மருந்தின் தூக்கத்தைக் கூட்டலாம். பூண்டு, மஞ்சள், இஞ்சிச் சத்து மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகமாக்கலாம். (ரசத்தில் தட்டிப் போடுகிற பூண்டைச் சொல்லவில்லை!) மூலிகை மருந்துகளை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது மயக்க டாக்டர்களின் வழக்கம். அவர்கள் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், எனக்கு அதில் கோபமில்லை. "எல்லாம் குப்பை" என்று திட்டுகிற டாக்டர்கள்மேல்தான் கோபம். அந்தத் திட்டுக்குப் பயந்துதான் ஜனங்கள் மறைக்கிறார்கள்.

ஒரு டாக்டர் "ஒரு மாசம் தள்ளிப் போடுங்க" என்றால் கையெழுத்துக்காக வேறு கிளினிக் தேடி ஓடாதீர்கள். ஏன் தள்ளச் சொல்கிறார் என்று கேளுங்கள். சந்தேகமிருந்தால் முதல் டாக்டரின் சீட்டோடு இன்னொருவரிடம் போங்கள். போகும்போது சூரணம், லேகியம், இங்கிலீஷ் மாத்திரை எல்லாம் இருக்கிற மருந்துப் பையை அப்படியே எடுத்துப் போய் மேஜைமேல் கவிழ்த்துவிடுங்கள். செருப்பை மகன் பார்த்துக்கொள்ளட்டும். அம்மாவை உள்ளே கூட்டிப் போங்கள்.