உன் விரதத்துக்கு அது ஏன் பட்டினி?

நான் ஆறு வருடமாக வீகன். என் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. அது மீன் தின்கிறது. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் இரண்டு பக்கமும் அடி விழும். கோழி சாப்பிடும் நண்பர்கள் "அப்புறம் என்னடா கொள்கை?" என்று சிரிப்பார்கள். வீகன் நண்பர்கள் சிரிப்பதில்லை. "ஒரு உயிரைக் காப்பாத்த ஆயிரம் உயிரைக் கொல்றியே" என்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கு. போகப்போக, துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும்.

ஒரு காலத்தில் நானும் அதே கேள்வியைக் கேட்டவன்தான். தொழிற்சாலை கார் நிறுத்துமிடத்தில் கிடைத்த குட்டி அது. கறுப்பன் என்று பெயர். அவனுக்கு ஒன்றரை வயதானபோது கெம்போங் மீனை நிறுத்திவிட்டு, வெளிநாட்டிலிருந்து வரும் தாவர உணவுக்கு மாற்றினேன். என் சம்பளத்துக்கு வலிக்கிற விலை. ஆனால் மனசு லேசாக இருந்தது. நான்காவது மாதம் ஓர் இரவு, மணல் தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தான். ஒரு சொட்டு மூத்திரம் வரவில்லை. மருத்துவர் மயக்க ஊசி போட்டு, குழாய் விட்டு எடுத்தார். படிகம் அடைத்திருந்தது. "சாப்பாடுதான் காரணம்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா ஆண் பூனைய வெச்சு இப்படிச் சோதனை பண்ணாதீங்க தம்பி" என்றார். விஷயம் தெரிந்து அம்மா கேட்டது ஒரே கேள்வி: "உன் விரதத்துக்கு அது ஏன்டா பட்டினி கிடக்கணும்?"

அம்மாவின் கேள்விக்கு எந்த வீகன் நூலிலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

பூனை விருப்பத்துக்காக மாமிசம் தின்னும் பிராணி இல்லை. அதன் உடம்பு அப்படி. கேரட்டில் இருப்பதை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும், பூனையால் முடியாது. டாரின் என்ற சத்தைப் போதுமான அளவு அதனால் தயாரித்துக்கொள்ளவும் முடியாது. அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்து பூனை சாகும் என்பதை 1987இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அதற்குப் பிறகுதான் பூனை உணவுத் தயாரிப்பாளர்கள் டாரின் அளவைக் கூட்டினார்கள்.

இங்கே நண்பர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. மீன் டின்னில் சேர்க்கும் டாரினும் ஆலையில் செய்ததுதான். அதையே தாவர உணவில் சேர்த்தால் என்ன? சேர்க்கலாம். அதைத் தின்று நன்றாக இருக்கும் பூனைகளும் இருக்கின்றன. என் கேள்வி வேறு. கணக்கு தப்பினால் யார் உடம்பு தாங்கும்? நான் பாலை விட்டபோது என் எலும்பை வைத்து விளையாடினேன். கறுப்பனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பூனையே வளர்க்க வேண்டாம், கருத்தடை செய்து எண்ணிக்கையைக் குறைப்போம் என்றால் முதல் கை என்னுடையது. ஆனால் ஏற்கெனவே பிறந்துவிட்டவனுக்கு இன்று ராத்திரி சோறு வைக்க வேண்டும். அதற்காகச் சாகும் மீன் என் கணக்கில்தான் எழுதப்படும். அது சுத்தமான கணக்கு என்று நான் சொல்லவே மாட்டேன்.

நம் கணக்கை மிருகத்தின் தலையில் எழுதும் பழக்கம் வீகன்களுக்கு மட்டும் உரியதில்லை. எங்கள் கிள்ளானில் காகத்தைப் பாருங்கள்.

இந்த வீட்டுக் காகம் இந்த மண்ணின் பறவை இல்லை. 1890களில் காப்பித் தோட்டங்களில் புழுவை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் தாமான் வந்தது. காகம் தங்கிவிட்டது. அதே தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரன் நான். 'வந்தேறி' என்ற சொல் காதில் விழும்போது எனக்குச் சுருக்கென்று குத்தும். ஆனால் அதை வைத்துக் காகத்துக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். காகம் மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்னும் என்பதும் உண்மை.

கொல்லவே கூடாது என்பவர்கள் மேரியன் தீவின் கதையைப் படிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான அந்தத் தீவின் வானிலை நிலையத்துக்கு 1949இல் எலி பிடிக்க ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். 1970களில் அவை ஈராயிரத்தைத் தாண்டி, வருடத்துக்கு லட்சக்கணக்கான கடல் பறவைகளைத் தின்றன. நோய்க்கிருமி, துப்பாக்கி, பொறி எல்லாம் வைத்து 1991இல்தான் கடைசிப் பூனை ஒழிந்தது. கறுப்பனை மடியில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்: அங்கே கொன்றது சரி. சும்மா இருந்திருந்தால் அந்தப் பறவைகளின் சாவும் நம் கணக்கில்தான் ஏறியிருக்கும்.

கிள்ளானின் கதை வேறு. சிலாங்கூரில் ஊராட்சி மன்றங்கள் ஆள் வைத்துக் காகம் சுடுவது புதிதல்ல. சுட்ட தொகை செய்தியில் வரும், படமும் வரும். நான் வேலை செய்யும் ஆலையில் பழுதான உதிரிப்பாகம் அதிகமானால், தூக்கி எறிந்ததை எண்ணிக் காட்டி மேலாளரிடம் பாராட்டு வாங்க முடியாது. எந்த இயந்திரம் அதைத் துப்புகிறது என்பார். இங்கே இயந்திரம் எது என்று எல்லாருக்கும் தெரியும். பசார் மாலாம் கலைந்த பிறகு ரோட்டில் கிடக்கும் சோறு, சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் மூடியே இல்லாத தொட்டி. அதை மூடாமல் சுட்டால் மிஞ்சிய காகத்துக்குப் பங்கு கூடும். அடுத்த வருடமும் ஆள் வைக்க வேண்டும்.

ஆகவே துப்பாக்கிக்காரர்களிடம் நான் கேட்பதும் அம்மாவின் கேள்விதான். தொட்டியை மூடாதது நாம்; சாவது ஏன் அது மட்டும்? முதலில் மூடுங்கள். அப்படியும் எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் கொல்வதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் அதை வேடிக்கையாக்காதீர்கள், செத்ததை வரிசையாக அடுக்கி அதற்கு முன்னால் நின்று படம் எடுக்காதீர்கள்.

இதை எழுதும்போது காலை ஏழு மணி. அம்மா பின்கட்டில் தாத்தா பெயரைச் சொல்லி, காகத்துக்கு ஒரு பிடி சோறு வைக்கிறார். குப்பைத் தொட்டியை அவ்வளவு திட்டிய நான் அதை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறேன். கறுப்பனுக்கு மீன் வேக வைக்கப் போகிறேன். நாற்றம் எனக்குப் பிடிக்காது. பிடிக்கவும் கூடாது.