ஏட்டில் இல்லாத தாளம்

ஐரோப்பாவின் இடைக்கால இசை என்றதும் பலர் காதில் ஒலிப்பவை இரண்டு. ஒன்று, கல் மண்டபத்தில் எதிரொலிக்கும் துறவியரின் நிதானமான கூட்டுப்பாட்டு. மற்றது, திரைப்பட முன்னோட்டங்களில் இடிபோல் இறங்கும் ‘கார்மினா புரானா’. இந்த இரண்டாவது இடைக்கால இசையே அல்ல. பவேரியாவின் பெனடிக்ட்பொய்ர்ன் மடத்தில் 1803-இல் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுச் சுவடியிலிருந்து வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கார்ல் ஓர்ஃப் சொந்தமாக இசையமைத்து 1937-இல் அரங்கேற்றியது அது. முதலாவதும் நாம் நினைக்கும் அளவுக்குப் பழையதல்ல. கிரிகோரியன் பாட்டு எனப்படும் அந்தத் துறவியர் பாட்டின் இன்றைய சீரான, அவசரமற்ற நடை, பிரான்சின் சொலெம் மடத்துத் துறவிகள் 19-ஆம் நூற்றாண்டில் பழைய சுவடிகளை ஒப்பிட்டு அந்தப் பாட்டை மீட்டெடுத்தபோது உருப்பெற்றது. ஸ்பெயினின் சிலோஸ் மடத்துத் துறவிகள் பாடிய இசைத்தட்டு 1994-இல் லட்சக்கணக்கில் விற்றதே, அதற்குப் பின்னாலும் இந்த மீட்டெடுப்பின் வரலாறுதான் இருக்கிறது. இதை மோசடி என்று சொல்ல வரவில்லை. இடைக்கால இசையை இன்று பாடும் எவரும் கொஞ்சம் இட்டுக்கட்டித்தான் ஆக வேண்டும். எதை இட்டுக்கட்டினார்கள் என்பது கேட்பவரை எட்டுவதில்லை என்பதுதான் என் குறை.

எவ்வளவு இட்டுக்கட்ட வேண்டியிருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு பாட்டைப் பார்க்கலாம். 12-ஆம் நூற்றாண்டில் தென்பிரான்சில் ட்ரூபடோர் எனப்பட்ட கவிஞர்கள் தாமே மெட்டமைத்துக் காதல் பாடல்கள் இயற்றினார்கள். சுமார் 2,500 பாடல்கள் எஞ்சியுள்ளன; மெட்டோடு கிடைப்பவை அவற்றில் பத்தில் ஒரு பங்குதான். பெண்கள் இயற்றியவற்றில் மெட்டு கிடைப்பது ஒன்றே ஒன்றுக்கு: தியா சீமாட்டி, தன்னைக் கைவிட்ட காதலனை நோக்கிப் பாடும் பாட்டு. பத்திக்கு 7 அடி. முதல் இரண்டு அடிகளின் மெட்டு அடுத்த இரண்டிலும் திரும்ப வருகிறது. பிறகு புதிதாக இரண்டு. கடைசி அடி இரண்டாம் அடியின் மெட்டுக்கே இறங்கி முடிகிறது. ஏடு சொல்வது இவ்வளவுதான். சுரம் ஏறுவதும் இறங்குவதும் தெரிகிறது. எது எவ்வளவு நேரம் நீளும் என்று தெரியவில்லை. தாளம் இல்லை, வேகம் இல்லை, பக்கவாத்தியம் உண்டா என்ற குறிப்பும் இல்லை. தேவாரப் பண்ணில் ஐயம் வந்தால் கேட்டுப் பார்க்க ஓர் ஓதுவாராவது இருக்கிறார், அவருடைய மரபும் காலப்போக்கில் மாறியே வந்திருக்கும் என்றாலும். இந்தப் பாட்டுக்கு அப்படி யாரும் இல்லை. வாய்வழித் தொடர்ச்சி எப்போதோ அறுந்துவிட்டது.

அந்த வெற்றிடத்தை ஒவ்வொரு தலைமுறையும் தன் ரசனையைக் கொண்டு நிரப்பியிருக்கிறது. 1960-களில் மியூனிக்கில் தாமஸ் பிங்க்லியின் குழு வட ஆப்பிரிக்க இசையிடம் கடன் வாங்கி, நீண்ட வாத்திய முன்னிசையும் முழவும் சேர்த்தது. 1967-இல் லண்டனில் குழு அமைத்த டேவிட் மன்ரோ, விதவிதமான பழைய ஊதுகுழல்களால் அரங்கை அதிர வைத்தார். பிறகு காற்று திசை மாறியது. 1980-இல் ‘காதிக் வாய்சஸ்’ குழுவைத் தொடங்கிய கிறிஸ்டோபர் பேஜ், பழைய கதைகளையும் இசை நூல்களையும் சலித்துப் பார்த்து, நுட்பமான பாடல்கள் பலவற்றுக்குக் குரல் மட்டுமே போதும் என்று வாதிட்டார், பாடியும் காட்டினார். இசை ஆய்வாளர் டேனியல் லீச்-வில்கின்சன் 2002-இல் எழுதிய நூல் இந்தத் திருப்பத்தை ஆராய்ந்து, தீர்ப்பை மாற்றியதில் சான்றுகளை விடப் பாடியவர்களின் வசீகரத்துக்கே பெரிய பங்கு என்கிறது. எனக்கும் அது சரியென்றே படுகிறது. 14-ஆம் நூற்றாண்டில் குய்யோம் த மாஷோ நான்கு குரல்களுக்கு அமைத்த திருப்பலி இசையை ஹில்லியர்ட் குழு கண்ணாடிபோல் வழவழப்பாகப் பாடியிருக்கிறது. மார்செல் பெரேஸின் குழு அதையே கோர்சிகா தீவின் நாட்டார் பாணியில், கமகம்போல் குரலை நடுக்கி, அடித்தொண்டையில் பாடியிருக்கிறது. ஏடு ஒன்றுதான், கேட்டால் இரண்டு வேறு நூற்றாண்டுகள் என்று சத்தியம் செய்யத் தோன்றும்.

இவ்வளவு தெரியாதபோது நூலகத்திலேயே விட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். பாடிப் பார்ப்பதே ஒரு சோதனை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ரோமானியத் தத்துவஞானி போயத்தியஸின் செய்யுள்களுக்கு 11-ஆம் நூற்றாண்டில் குறித்த இசை, மெட்டின் போக்கை மட்டும் காட்டுவது, சுரத்தைச் சொல்லாது. அந்த இசை உள்ள கேம்பிரிட்ஜ் சுவடியிலிருந்து பிரிந்துபோன ஓர் ஏடு 1982-இல் ஃபிராங்ஃபர்ட்டில் அடையாளம் காணப்பட்ட பிறகு, இசை ஆய்வாளர் சாம் பாரெட் ஆண்டுக்கணக்கில் அந்த இசைக்குறிகளோடு மல்லுக்கட்டினார். கடைசியில் பாடகர் பெஞ்சமின் பேக்பியோடு உட்கார்ந்து, எந்த ஊகம் குரலுக்கும் வாத்தியம் மீட்டும் கைக்கும் ஒத்துவருகிறது, எது ஒத்துவரவில்லை என்று பார்த்துப் பார்த்துத் திருத்தியதில்தான் 2016-இல் அந்தப் பாடல்கள் மேடை ஏறின. மேசையில் சரியாகத் தெரிந்தது தொண்டையில் நிற்காமல் போவதும் ஆராய்ச்சியின் ஒரு பகுதிதான்.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு கேள்வி வரும்: கேட்க இனிமையாக இருந்தால் போதாதா, கச்சேரி என்ன வகுப்பறையா? இனிமைக்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. முழவு சேருங்கள், கித்தார்கூடச் சேருங்கள். ஆனால் ‘12-ஆம் நூற்றாண்டில் ஒலித்தபடியே’ என்று சுவரொட்டி அடித்த கணத்தில், அது ரசனை விஷயமாக இல்லாமல் உண்மை பற்றிய கூற்றாகிவிடுகிறது. அதற்குச் சான்று கேட்கும் உரிமை டிக்கெட் வாங்கியவருக்கு உண்டு. விரிவுரையும் தேவையில்லை. தியா சீமாட்டியின் பாட்டில் ஒரு பத்தியைத் தாளக்கட்டு இல்லாமல் பேச்சின் ஓட்டத்தில் பாடிவிட்டு, அதையே மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் மறுபடி பாடினால் போதும். ஏடு எங்கே முடிகிறது, பாடகர் எங்கே தொடங்குகிறார் என்பது இசை அறியாதவருக்கும் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். கச்சேரியின் சுவையும் இதனால் கூடத்தான் செய்யும்.

இசைத்தட்டுக் காலத்தில் உறைக்குள் ஒரு கையேடாவது இருந்தது; எதை எந்தச் சுவடியிலிருந்து எடுத்தோம், எதை ஊகித்தோம் என்று நல்ல குழுக்கள் அதில் எழுதின. இன்று கைபேசிச் செயலியில் 12-ஆம் நூற்றாண்டுத் துறவி ஹில்டெகார்டின் பெயரைத் தட்டினால், தனிக்குரலில் பாடியதும் மின்னணு இசையில் ஊறவைத்ததும் ஒரே பெயரின் கீழ் அடுத்தடுத்து வருகின்றன. கையேட்டுக்கு அங்கே இடமில்லாமல் இருக்கலாம். பாட்டின் பெயருக்கு அடியில் ‘மெட்டு: சுவடியில் உள்ளது, தாளமும் வாத்தியமும்: இக்குழுவின் சேர்க்கை’ என்று ஒரு வரி போடுவதை எந்தத் தொழில்நுட்பமும் தடுக்கவில்லை.